ரோமாக்காரிக்குக் கூடாரம், அக்காவுக்குக் கொட்டில்

இந்த ஊரில் மரியாதையாகச் சாகவேண்டுமென்றால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே செத்துத் தொலைந்திருக்கவேண்டும். இதை நான் வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை. பலெர்மோவில் நான் வேலைசெய்யும் வீட்டின் மூன்றாம் மாடிப் பல்கனியில், கையில் தூசி துடைக்கிற துணியோடு நின்று, ஒரு கோடை முழுக்கக் கண்டதைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்காரி, எங்கள் சிஞ்ஞோரா, எண்பதைத் தாண்டிய விதவை. அவருடைய வீட்டுக்கு முன்னாலிருக்கும் தெருவைக் கழிவுநீர்க் குழாய் பதிக்கவென்று கிண்டினார்கள். கிண்டினார்கள் என்றால், கிண்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூலையில் கோப்பிக்கடை வைத்திருப்பவர் காலையில் கடை திறந்து குழியைத் திட்டுவார், மாலையில் குழியைத் திட்டிவிட்டுக் கடை பூட்டுவார். இடையிடையே யாராவது வந்து இன்னும் கொஞ்சம் கிண்டுவார்கள். ஒருநாள் இயந்திரம் நடுவில் நின்றது. ஓட்டியவர் இறங்கிக் குழிக்குள் பார்த்துத் தலையில் கைவைத்தார். பழைய குழாயை உடைத்துவிட்டார்கள், இனி ஒரு கிழமைக்குத் தண்ணீர் வராது என்று நான் வாளிகளை நிரப்பத் தொடங்கினேன்.

உடைந்தது குழாயல்ல, கல்லறையின் ஓடு. எங்கள் தெருவுக்குக் கீழே ரோமர் காலத்துத் தெருவொன்று கிடக்கிறதாம். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே, தெருவோரத்தில்தான் செத்தவர்களைப் புதைப்பார்களாம். போகிறவர் வருகிறவர் கண்ணில் படவேண்டுமென்று அவர்களுக்கு ஆசை. அப்படி வரிசையாகக் கிடந்த கல்லறைகளில் ஒன்று சிஞ்ஞோராவின் பல்கனிக்கு நேர்கீழே இருந்தது. சுட்ட ஓடுகளை இரண்டு பக்கமும் சாய்த்துக் கூரை மாதிரி மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு பெண்.

மறுநாளே மரியாதை தொடங்கியது. வெயில் படக்கூடாதென்று வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். சுற்றிவர வேலி, வேலிக்கு ஒரு காவலாளி. பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் முழங்காலில் இருந்து, பல்லுத் தீட்டுகிற பிரஷ் அளவிலான பிரஷ்களால் அவளுடைய நெற்றியைத் தட்டித் தட்டித் துடைத்தார்கள். ஒருவர் தும்மினாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் முழங்காலில் இருந்துதான் தூசி துடைக்கிறேன், எனக்கு ஒருவரும் கூடாரம் போட்டதில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நாங்கள் யானை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதே நாட்களில் என்னுடைய சொந்த அக்கா சேமக்காலையில், செத்தவர்களைப் புதைக்கிற இடத்தில், பின்பக்கக் கொட்டிலில் பெட்டிக்குள் கிடந்தார்.

அக்காதான் எங்கள் தீவிலிருந்து முதலில் இந்த ஊருக்கு வந்தவர். என்னை எடுப்பித்ததும் அவர்தான். இதே சிஞ்ஞோராவின் வீட்டில் பல வருஷங்கள் வேலை செய்தார். சிஞ்ஞோராவின் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் அவருக்குச் சாப்பாடு தீத்தியதும் உடம்பு கழுவியதும் அக்காதான். மனிதருக்கு இருட்டென்றால் பயம், அதனால் அக்கா இரவில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே தூங்குவார். அந்த மனிதர் செத்தபிறகு வீடு நிறையக் கிடந்த பளிங்குத் தரையைத் துடைத்துத் துடைத்து அக்காவின் முழங்கால் இரண்டும் போயின. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு என் கைக்கு வந்தது, அக்கா என்னோடு வந்து தங்கினார்.

அவர் சாகிறதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை மண்ணிலை போடு. இந்த ஊர்க்காரர் மாதிரிப் பெட்டியைச் சுவர்த் தட்டுக்குள்ளை செருகிப்போடாதை. நான் சீவியம் முழுக்க மற்றவையின்ர வீட்டு மூலையிலை படுத்தனான்."

"ஓம் அக்கா," என்றேன். அந்த நேரத்தில் ஓம் என்பது லேசான வேலையாக இருந்தது.

மாதா கோயிலில் சுவாமியார் வைத்த அடக்கப் பூசை குறைவில்லாமல் நடந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், அழவேண்டியவர்கள் அழுதார்கள். பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனால், அங்கே இருந்த மனிதர் மண்ணில் இடமில்லை என்றார். இடம் வரும்போது கூப்பிடுவோம் என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்குத் தோளை மேலே தூக்கி, "பாசியென்சா" என்றார். பொறுமை என்று அர்த்தம். இந்த ஊரில் பஸ் வராவிட்டாலும் அதுதான், பிணம் போகாவிட்டாலும் அதுதான். அக்காவின் பெட்டியைப் பின்பக்கக் கொட்டிலுக்குள் கொண்டுபோய், இரும்புத் தட்டில் மற்றப் பெட்டிகளுக்கு மேலே ஏற்றி வைத்தார்கள். நாங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினோம். கோடை வந்தபோது சேமக்காலை வாசலில் பூ விற்கிறவர் பூங்கொத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் செய்தார். அந்தப் பூக்காரரைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதற்குள் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெரிய சிக்கல் வந்தது. எங்கள் வழக்கத்தில் சாவு நடந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஊரில் அது ஒருநாள், மிஞ்சினால் இரண்டுநாள் வேலை. இங்கே அடக்கம் நடக்கவேயில்லை. ஆகவே சாப்பாடு வந்துகொண்டேயிருந்தது. எங்கள் கோயில் பங்கிலுள்ள பெண்கள் முறைவைத்துப் புட்டும் சம்பலும் கொண்டுவந்தார்கள், இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். முதலில் கண்ணீரோடு வந்தார்கள், பிறகு பெருமூச்சோடு வந்தார்கள், பிறகு பாத்திரத்தைக் கதவடியில் வைத்து மணியை அடித்துவிட்டு ஓடினார்கள். "அடக்கம் எப்ப?" என்று கேட்பார்கள். நாங்கள் இன்னும் எவ்வளவு காலத்துக்கு உனக்குப் புட்டு அவிக்கிறது என்பது அதன் பொருள். என் மனுசன் துக்கத்தில் கொழுத்துப்போனார். பழைய காற்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது.

நான் சமைக்கிறேன், வழக்கத்தை விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அக்காவைக் கொட்டிலில் போட்டுவிட்டுத் தங்கச்சி கோழி பொரிக்கிறாள் என்று கதை வரும். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவதென்று கோயில் வாசலில் வாக்குவாதம் நடந்தது. செத்த நாளிலிருந்து என்றார் ஒருவர். மண் போடாமல் என்ன முப்பத்தொன்று என்றார் இன்னொருவர். கடைசியில் சுவாமியாரிடம் கேட்டார்கள். ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இந்த விவகாரங்களுக்கெல்லாம் நீதவான் எங்கள் செபமாலைக் குழுவின் தலைவி. மன்னார்க்காரி, எங்கள் எல்லாருக்கும் அன்ரி. சிஞ்ஞோராவின் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை அவருக்கு. ஒருநாள் காலைப்பூசை முடிந்து இன்னும் இரண்டு பெண்களோடு அந்த வழியால் வந்தவர், வேலிக்குள்ளே குழியையும் குழிக்குள்ளே எலும்பையும் கண்டார். மூன்று பேரும் நின்றார்கள். பக்கத்தில் குவித்திருந்த மண்ணில் ஆளுக்கொரு பிடி அள்ளினார்கள். "நித்திய இளைப்பாற்றியை இவளுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்லி, வேலிக்கு மேலால் குழிக்குள் போட்டார்கள்.

அப்படி ஒரு குறி தவறாத கை. மூன்று பிடியும் ரோமாக்காரியின் முகத்தில்தான் விழுந்தன. அந்தப் பிள்ளைகள் நாட்கணக்காகப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்த முகம். காவலாளி ஓடிவந்தார். குழிக்குப் பொறுப்பான பெண் கூடாரத்துக்குள்ளேயிருந்து தவழ்ந்து வந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே இருந்துவிட்டாள். நான் மேலேயிருந்து பார்த்துவிட்டுப் படியால் இறங்கி ஓடினேன்.

"என்ன அன்ரி செய்தனீங்கள்?"

"மண் போட்டனாங்கள். திறந்து கிடக்கிற குழியை எப்பிடிச் சும்மா கடந்து போறது?"

"அது இரண்டாயிரம் வருஷத்துக் குழி, அன்ரி."

"அப்ப இவ்வளவு காலமும் ஒருத்தரும் போடேல்லையோ?"

காவலாளிக்கு இதை எந்த இத்தாலிய மொழியில் விளங்கப்படுத்துவது? அவர்களுக்குத் தலையில் கொஞ்சம் விசர் என்று சொல்லி விடுவித்தேன். போகும்போது அன்ரி என் காதுக்குள், "கண்டவளுக்கெல்லாம் குழி கிடக்கு, எங்கட பிள்ளைக்கு இல்லை," என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

குழிக்குப் பொறுப்பான அந்தப் பெண்ணை எல்லாரும் டொட்டொரெஸ்ஸா என்றார்கள். பட்டம் எடுத்தவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பகேரியாவிலிருந்து காலை ரயிலில் வருகிற சின்னப் பெட்டைப்பிள்ளை, நல்லவள். சிஞ்ஞோரா அவளைத் தினமும் மேலே கோப்பிக்குக் கூப்பிடுவார். அவள் சப்பாத்து மண்ணோடு வருவாள், நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவேன். சிஞ்ஞோராவுக்கு அந்தக் கோடையில் இளமை திரும்பிவிட்டது. தன் சிநேகிதிகளையெல்லாம் வரவழைத்தார். நாடகம் பார்க்கிற சின்னத் தொலைநோக்கிகளோடு நாலைந்து கிழவிகள் பல்கனியில் வரிசையாக இருந்து, நான் கொண்டுபோகிற பாதாம் பிஸ்கட்டைக் கடித்தபடி, செத்தவளின் இடுப்பெலும்பைப் பார்த்தார்கள்.

ஒருநாள் டொட்டொரெஸ்ஸா சொன்னாள், குழியில் கிடப்பவள் நடுத்தர வயதுப் பெண்ணாம், அனேகமாக யாருடைய வீட்டிலோ வேலை செய்தவளாக இருக்கலாமாம். முழங்கால் எலும்புகள் நன்றாகத் தேய்ந்து போயிருக்கின்றனவாம். நெடுங்காலம் முழங்காலில் இருந்து வேலை செய்திருப்பாள் என்றாள்.

சிஞ்ஞோரா கைக்குட்டையை எடுத்தார். "பாவம்," என்றார். "எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள். எந்தக் கல்நெஞ்சுக்காரர் வீட்டிலை கிடந்தாளோ." கண்ணிலிருந்து உண்மையான கண்ணீர் வந்தது. நான் தட்டத்தோடு அந்தப் பளிங்குத் தரையில்தான் நின்றேன். அக்கா செத்த செய்தியைச் சொன்னபோது இதே சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, "அவள் எங்கட குடும்பத்திலை ஒருத்தி," என்றவர். கொட்டிலைப் பற்றிச் சொன்னபோது, "பாசியென்சா," என்றவர். பொய்யாகச் சொல்லவில்லை, இரண்டையும் மனதாரத்தான் சொன்னார். கண்டறியாத குடும்பம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கோப்பிக் கோப்பைகளை அடுக்கினேன்.

குடும்பத்தில் ஒருத்தி என்ற அந்தக் கதையை அன்ரியிடம் சொன்னபோதுதான் அவர் எனக்கு ஒரு வழி சொன்னார். சிஞ்ஞோரா வீட்டாருக்கு அதே சேமக்காலையில் சொந்தமாக ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. பளிங்குச் சுவர், இரும்புக் கதவு, சுவரோடு தட்டுத்தட்டாக இடம். புருஷன் அங்கேதான் கிடக்கிறார், பக்கத்தில் இடங்கள் காலியாக இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் மண் கிடைக்கும்வரை தெரிந்தவர்களின் மண்டபத்தில் இடம் இரவல் வாங்குகிறார்களாம்.

"அக்கா சுவர் வேண்டாமெண்டவ," என்றேன்.

"கொட்டிலும் வேண்டாமெண்டுதானே சொல்லியிருப்பா. மண் வருமட்டும்தானே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், போய்க் கேள்."

கேட்டேன். சிஞ்ஞோராவும் நானும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். மண் கிடைக்கும்வரை மட்டும், உங்கள் மண்டபத்தில் ஒரு தட்டு என்று கேட்டேன். அவர் விரிப்பின் ஓரத்தை நீவிச் சுருக்கம் எடுத்தார்.

"என்ரை கண்ணே," என்றார். "அது குடும்பத்துக்கெண்டு கட்டினது."

"சரி சிஞ்ஞோரா," என்றேன். விரிப்பின் மற்ற முனைகளை அவர் கையிலிருந்து வாங்கி நானே மடித்தேன். விரிப்பு வைக்கிற அலுமாரிக்குள் அவருடைய விரிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருந்தது.

கோடை முடிகிற நேரத்தில் எலும்புகளை எடுக்கிற நாள் வந்தது. குழாய்க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அதற்கு முதல்நாள் டொட்டொரெஸ்ஸா மேலே வந்து கோப்பி குடித்தபடி, இனி என்ன நடக்கும் என்று சிஞ்ஞோராவுக்கு விளங்கப்படுத்தினாள். எலும்புகளைப் பெட்டிகளில் போட்டுக் கிடங்குக்குக் கொண்டுபோவார்களாம். கிடங்கு ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறதாம். பெட்டிக்கு மேலே பெட்டி, எப்போதோ எடுத்ததெல்லாம் ஆராய்ச்சிக்காக இன்னும் காத்துக் கிடக்கிறதாம். எப்போது முறை வரும் என்று சிஞ்ஞோரா கேட்டார். டொட்டொரெஸ்ஸா தோளைத் தூக்கினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் சமாளித்தேன். மண்ணிலே நிம்மதியாகக் கிடந்தவளைத் தோண்டிக் கொட்டிலுக்கு அனுப்புகிறார்கள். கொட்டிலிலே கிடப்பவளுக்கு மண் இல்லை. இரண்டு பேரையும் ஒரு லொறியில் ஏற்றி இடம் மாற்றிவிட்டால் முடிந்தது அலுவல். ஆனால் அதைச் சொல்ல இந்த ஊரில் யாருக்கு மூளை இருக்கிறது?

சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"கிடங்கிலையோ? பெட்டிக்கு மேலை பெட்டியோ? அவளையோ? இல்லை இல்லை, அது பாவம். எங்கட மண்டபத்திலை இடம் கிடக்கு. அங்கை கொண்டுவந்து வையுங்கோ. உங்களுக்கு இடம் கிடைக்கும்வரை எங்களோட இருக்கட்டும்."

டொட்டொரெஸ்ஸா சிரித்தாள். நல்ல மனம் உங்களுக்கு, ஆனால் சட்டம் விடாது என்றாள். நான் தட்டத்தை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

"அவ உங்களிட்டை எத்தனை வருஷம் வேலை செய்தவ, சிஞ்ஞோரா?"

"ஆர்?"

"கீழை கிடக்கிறவ."

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். டொட்டொரெஸ்ஸாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள். நான் குசினிக்குப் போய், கழுவி வைத்த கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன். நாளைக்கு வேறு வேலை தேடவேண்டும், வீட்டில் என்ன சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் காலை குசினி மேசையில் மண்டபத்தின் திறப்பும் சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட அனுமதித் தாளும் கிடந்தன. அவர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கொடுத்தார். ரோஷம் பார்த்துத் திறப்பைத் திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ரோஷம் எனக்குத்தான், கொட்டிலில் கிடப்பது அக்கா. திறப்பை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அந்தக் கிழமையே அக்காவை மண்டபத்துக்கு மாற்றினோம். கிடைத்த தட்டு சிஞ்ஞோராவின் புருஷனுக்கு நேர்பக்கத்தில். அன்ரி அதைக் கண்டுவிட்டு, "பாவி, செத்தும் அந்தாளுக்குப் பக்கத்திலை," என்றார். தட்டில் வைத்தது அடக்கமாகுமா, அடுப்பு மூட்டலாமா என்று பெண்கள் கேட்டார்கள். இது வைத்தது, அடக்கினது இல்லை என்று அன்ரி தீர்ப்புச் சொன்னார். புட்டு நிற்காமல் வந்தது. என் மனுசன் தீர்ப்பை எதிர்க்கவில்லை.

கீழே குழியை மூடிக் குழாயைப் பதித்துத் தாரும் போட்டுவிட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் சிஞ்ஞோராவின் சிநேகிதிகளுக்குப் புதிய கதை தேவைப்பட்டது. "எங்கட வேலைக்காரியை எங்கட மண்டபத்திலையே வைச்சிருக்கிறம்," என்று அவர் சொல்வார். கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பிட்டுவிட்டு வந்த கிழவிகள் அவருடைய கையைத் தடவி, உனக்கு எவ்வளவு பெரிய மனம் என்பார்கள். நான் கோப்பி ஊற்றுவேன். திறப்பு என்னிடம் இருந்தது, ஆகையால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்கிய பிறகு சேமக்காலையிலிருந்து அழைப்பு வந்தது. மண்ணில் இடம் வந்துவிட்டது. சிஞ்ஞோராவிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னார். ஆனால் அடக்கத்தன்று காலை நாங்கள் மண்டபத்தைத் திறந்துகொண்டிருந்தபோது, கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக டாக்சியில் வந்து இறங்கினார். என் மனுசனும் பங்கிலிருந்து வந்த ஆண்களும் பெட்டியை மெல்லத் தட்டிலிருந்து வெளியே இழுத்தார்கள். சிஞ்ஞோரா இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் எடுக்கிறீங்கள்?" என்று கேட்டார், என்னிடம் மட்டும், மெதுவாக. "இஞ்சை நல்லாத்தானே இருக்கிறா. ஈரமில்லை, குளிரில்லை. அவருக்கும் துணை. அந்தாள் தனியப் படுக்கப் பயம், உனக்குத் தெரியுந்தானே. இவள் பக்கத்திலை இருந்தாத்தான் நித்திரை கொள்ளுவார்."

அந்த முகத்தைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. நடிப்பில்லை, மனுசி அதை நம்பினார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"இல்லை சிஞ்ஞோரா. அக்காவின்ர வேலை முடிஞ்சுது."

அவர் இரும்புக் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அப்ப அவரோட ஆர் இருக்கிறது?"

"நீங்கள் இருக்கிறீங்கள்தானே," என்றேன். "அவசரமில்லை, ஆறுதலாப் போங்கோ."

திறப்பை அவருடைய கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். பிறகு பெட்டியின் தலைமாட்டுப் பக்கத்தை நான் பிடித்தேன். அங்கேயிருந்து அக்காவின் இடத்துக்குச் சரிவில் கொஞ்சத் தூரம் இறங்கிப் போகவேண்டும். முதல்நாள் பெய்த மழையில் மண் நன்றாக ஊறியிருந்தது.